என் கட்டுரை என்னுடையதல்ல என்று நிரூபித்த நாள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய காலமெல்லாம், "இதை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்காமல் நான் எந்த மாணவனின் கட்டுரையையும் திருத்தியதில்லை. அதற்காக என்னை ஒழுக்கசீலன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். யாரும் யாரையும் நம்பாத நாட்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போகிறதோ என்று, வேலைக்குப் போகிறவர்களின் வாளியைக்கூடத் தோட்டத்து முள்வேலி வாசலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நான் அப்போது புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். சனிக்கிழமைகளில் கோல சிலாங்கூரில் பயிற்சி வகுப்பு.

'தோட்டத் தொழிலாளியின் வாழ்வு' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. பஸ்ஸில் கச்சான் கடலை தின்று முடித்தபோது பார்க்கிறேன், பொட்டலத் தாளில் அதே விஷயம், அருமையான தமிழில். மேலும் கீழும் கிழிந்திருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். "தோழர்களே" என்றிருந்ததை மட்டும் "பெரியோர்களே" என்று மாற்றினேன் (விரிவுரையாளரைப் போய்த் தோழர் என்பதா?).

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஒரு தமிழ்ப் போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் என் கட்டுரை. மறு கையில், ரப்பர் மரத்தில் கம்யூனிஸ்ட்டுகள் ஒட்டிய துண்டறிக்கை. இரண்டும் வரிக்கு வரி ஒன்று.

"இத நீதான் எழுதினியா?"

"இல்ல சார். காப்பி அடிச்சேன்."

"எதப் பாத்து?"

"கச்சான் சுத்தின தாளு சார்."

"தாளு எங்க?"

"பஸ்ஸு ஜன்னல் வழியா போட்டுட்டேன் சார்."

"தோழர்னு இருந்தத ஏன் மாத்தின? தெரிஞ்சுதானே மறைச்சிருக்க?"

இப்படி மாட்டியவர்களை விசாரணையில்லாமல் அடைத்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் எனக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

"உக்காரு. என் கண்ணு முன்னால ரப்பர் மரத்தப் பத்தி எழுது. உன் சரக்கு என்னான்னு பாப்போம்."

கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க எழுதினேன். வாங்கி, வகுப்புக்கே கேட்கும்படி படித்தார்: "ரப்பர் மரம் ஒரு மரம். அது தோட்டத்தில் உள்ளது. அதில் பால் வரும். பால் வெள்ளை நிறம். மேலும் அது ஒரு பயனுள்ள மரம்."

இன்னொரு தடவை தனக்குள் படித்துக்கொண்டார். முகத்திலிருந்த சந்தேகம் போய் இரக்கம் வந்தது.

"இவன விட்டுடலாம் லா," என்றார் விரிவுரையாளரிடம். "அத இவன் எழுதியிருக்க மாட்டான். இவனால முடியாது."

போன உயிர் திரும்பியது. கூடவே ரோஷமும் வந்தது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்தால் நன்றாக எழுதுவேன் என்று வாய்வரை வந்ததை எப்படியோ விழுங்கினேன்.

அந்த வகுப்பில்தான் ஸ்டெல்லாவும் படித்தாள். பிற்பாடு அவளுக்கு நான் எழுதிய காதல் கடிதங்கள் முப்பத்திரண்டு. சத்தியமாக அத்தனையும் என் சொந்தச் சரக்கு. அவற்றைப் படித்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்கிறாள்: "இத்தன வருசம் ஆயிடுச்சு, இனிமே நான் கோவிச்சுக்க மாட்டேன். அந்தக் கடுதாசியெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"