பேர் வைப்பதற்குள் பெய்த மழை

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள்: பண்ணையார், அவருடைய கணக்குப்பிள்ளை, ஜீப்பில் வந்த தாசில்தார், எங்கள் சங்கத் தலைவர் கோவிந்தண்ணன், என் அக்கா செல்லம்மா, நான். நாற்காலி இரண்டுதான். யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தெற்கே ஒரு மேகமும் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி மாதம், குறுவை முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுக்கிற நெல்லில் கலத்துக்கு ஒரு படி கூலி கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று நின்றிருந்தோம். வீட்டில் நெல் தீர்ந்து, கிழங்கு வேகிற வாசனையே வெறுத்துப்போயிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். எப்போதும் ஒரே பயம், ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டு ஏமாற்றிவிடுவார்களோ என்று. புது ஆட்சி வந்து ஊருக்கு ஊர் மேடை போட்ட காலம் அது. ஒரு கூட்டம் விடாமல் போய், பேச்சாளர்கள் உதிர்த்த சொற்களையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன். (சோற்றுக்கு வழியில்லை, சொல்லுக்குப் பஞ்சமில்லை.) அதனால்தான் கோவிந்தண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். பாவம்.

பண்ணையார் வானத்தைப் பார்த்தார். “சரி, ஒரு படி தர்றேன். எழுதிக்குங்க” என்றார். முடிந்தது. அப்படியே எழுந்து வந்திருக்கலாம்.

தாசில்தார் தாளை எடுத்து, “பேச்சுவார்த்தைன்னு தலைப்புப் போட்டுடறேன்” என்றார்.

“சரிக்குச் சமமா உக்காந்து பேசுனாத்தானுங்க அது பேச்சுவார்த்தை. இவனுங்க கேட்டானுங்க, நான் குடுத்தேன். விண்ணப்பம்னு போடுங்க” என்றார் பண்ணையார்.

விண்ணப்பம் என்றால் அடுத்த வருடமும் கும்பிட்டுக் கேட்க வேண்டுமே!

“விண்ணப்பம் கூடாதுங்க. விவாதம்னு போடுங்க” என்றேன்.

“விவாதம்னா எதிர்த்து நிக்கிறது. ஐயாவை எதிர்த்து நிக்கிறியா?” என்றார் கணக்குப்பிள்ளை.

“அப்ப வாக்குவாதம்?”

“அதுக்கு நான் எதுக்கு? போலீஸ்தான் வரணும்” என்றார் தாசில்தார்.

“ஆலோசனை?”

“எனக்கு இவன் ஆலோசனை சொல்றானா!” பண்ணையாருக்கு முகம் சிவந்தது.

“தம்பி, தலைப்பு கிடக்கட்டும்டா. படியைத் தர்றேங்கிறாரு” என்று கோவிந்தண்ணன் என் சட்டையை இழுத்தார். நான் நிற்கவில்லை. தர்க்கம், கலந்துரையாடல், சமரசம் என்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பண்ணையார் முடியாது என்று தலையை ஆட்டினார்.

அக்காதான் கத்தினாள்: “டேய், கறுத்துக்கிட்டு வருதுடா! பேரு வச்சிட்டுத்தான் புள்ளை பெத்துக்கணுமா?”

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. தாசில்தார் தாளை மடித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். “அப்புறம் பார்ப்போம்” என்றார்.

அப்புறம் பார்க்க எதுவுமில்லை. மழை விடவே இல்லை. பயிர் படுத்துத் தண்ணீரிலேயே முளைவிட்டது. “முளைச்ச நெல்லுக்குக் கூட்டிக் கேக்குறீங்களா?” என்று பண்ணையார் பழைய கூலியையே அளந்தார், அதுவும் முளைத்த நெல்லாக. அந்தச் சோறு வடிக்கும்போதே நாறும். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊட்டினாள்.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது பேச்சில் நான், “அப்படியில்லை, அதுக்குப் பேரு...” என்று ஆரம்பித்தால் போதும். என் மனைவி எழுந்துபோய்க் கொடியில் காயும் துணிகளை எடுக்கத் தொடங்கிவிடுவாள். காது மந்தமான அக்காகூட என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்ப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன வாரமும் அப்படித்தான். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன், மனைவி முறத்தை எடுத்தாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் குனிந்து நெல்லை வாரினேன்.