பதினைந்து நிமிட மாப்பிள்ளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாமே என்று, எல்லோரும் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அண்ணியின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைத் தூக்குகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீங்களும் அழுவீர்கள். அப்புறம் அண்ணி போனைப் பிடுங்கி நம் இரண்டு பேரையும் திட்டுவார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நீங்கள் போன முறை வந்தபோது உங்கள் மாப்பிள்ளை பெயரில் அந்த வேலை தேடுகிற இணையதளத்தில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தீர்களே, அதை உடனே மூடிவிட வேண்டும். உங்கள் மெயிலை வைத்துத் திறந்ததால் மூடுவதற்கும் நீங்கள்தான் வேண்டுமாம். ஏன் மூட வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கிடங்கை விற்றுவிட்டார்கள், புதிதாக வாங்கியவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அன்றிலிருந்து இன்றுவரை இவர் வாயால் ‘வேலை போய்விட்டது’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் “லீவுல இருக்கேன்” என்பார். பால்காரர் கேட்டாலும் லீவு. என்னிடமே ஒரு நாள் காலையில், “இன்னிக்கும் லீவுதான், காய் நான் நறுக்கறேன்” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சரிங்க என்று கத்தியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதோடு விட்டாரா? சமையலறையைக் கிடங்காக மாற்றிவிட்டார். எது முதலில் வந்ததோ அது முன்னால் இருக்க வேண்டுமாம். புதிதாக வாங்கிய உப்பு பழைய உப்புக்குப் பின்னால் நிற்கிறது. பருப்பு டப்பாவுக்கு நம்பர் ஒட்டியிருக்கிறார். நான் அவசரத்துக்குப் பின்வரிசையிலிருந்து எதையாவது எடுத்துவிட்டால் கத்த மாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். கத்தினாலாவது தேவலாம்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். அந்தத் தளத்தில் நாள் முழுக்கக் கிடக்க வேண்டியதில்லை மாப்பிள்ளை, பதினைந்து நிமிஷம் போதும் என்று அடித்துச் சொன்னீர்கள். ஐந்து நிமிஷம் படி, ஐந்து நிமிஷம் மற்றவர்களைப் பாராட்டு, ஐந்து நிமிஷம் புது ஆள் யாருக்காவது எழுது. இவர் தலையைத் தலையை ஆட்டினார். நீங்களும் நம்பி பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நான்தான் பார்த்தேன், அண்ணன் இவ்வளவு சிரமப்பட்டு ஆரம்பித்துக் கொடுத்தது வீணாகிறதே என்று. எனக்குத்தான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் மதியம் அரைமணி இடைவேளை இருக்கிறதே, வரவேற்பு மேசையில் கம்ப்யூட்டரும் சும்மாதானே கிடக்கிறது, இவர் சார்பில் நாமே அந்தப் பதினைந்து நிமிஷத்தைச் செலவழித்தால் என்ன என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத்தான் இப்போது செருப்பால் அடிக்க வேண்டும்.

வலது கையில் சாப்பாடு, இடது கையில் டைப்பிங். விசைகளுக்கு நடுவில் சோற்றுப் பருக்கை கிடந்ததற்கு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. முதலில் போட்டோ கேட்டது. இவர் தனியாக நிற்கிற போட்டோ ஒன்று இந்த வீட்டில் இருந்தால்தானே! என் கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் போட்டேன். தோளில் உங்கள் கை மட்டும் மிச்சமாக வந்துவிட்டது, அதை வெட்டினால் இவர் காதும் சேர்ந்து போகிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும், உதவி செய்கிற கைதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் பாராட்டுகிற ஐந்து நிமிஷம். முதல் வரியைப் படித்ததுமே ‘மனமார்ந்த வாழ்த்துகள்’ என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு ஓடுவேன். நேரம் இல்லையே! ஒருவர் ‘இன்றோடு என் நிறுவனத்தில் ஒரு பயணம் முடிகிறது’ என்று எழுதியிருந்தார், அவருக்கும் வாழ்த்துகள் சொன்னேன். அப்புறம் முழுசாகப் படித்தால், பாவம், அவரையும் அனுப்பிவிட்டார்களாம், வீட்டில் கைக்குழந்தையாம். அவர் ‘நன்றி சார்’ என்று பதில் வேறு போட்டிருந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் விடக் கொடுமை, கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரி ஜன்னலையும் இந்தத் தளத்தின் ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்திருந்த அன்று நடந்தது. வேர் சிகிச்சைக்கு வரவேண்டிய ஒரு பெரியவருக்கு, ‘தங்கள் தலைமைப் பண்பு என்னை மிகவும் கவர்ந்தது, நாம் இணைந்து பயணிக்கலாமா’ என்று போய்விட்டது. ஏதோ ஒரு கம்பெனியின் பொது மேலாளருக்கு, ‘நாளை காலை வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வரவும், பிடுங்க வேண்டியிருக்கலாம்’ என்று போய்விட்டது. பெரியவர் மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து டாக்டரிடம் கை குலுக்கினார். பொது மேலாளர் இன்றுவரை பதிலே போடவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, விரல் மட்டும் சும்மா இருக்குமா? ‘உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று அந்தத் தளம் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் வீட்டில் சாப்பிடும்போது எப்போதோ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். தூக்கமில்லாமல் வந்த ஒரு டிரைவரை லாரி எடுக்க விடாமல், தன் நாற்காலியைச் சாய்த்து அதிலேயே படுக்கவைத்துவிட்டு, சரக்கு தாமதமானதற்கு மேலிடத்தில் தான் திட்டு வாங்கிக்கொண்டாரே, அதை எழுதினேன். பெட்டி தூக்குகிற பையன் ஒருவன் கண்ணாடிச் சாமான்களை உடைத்தபோது, அடுக்கிய முறை சரியில்லை, அடுக்கச் சொன்னது நான்தான் என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எழுதினேன். எல்லாம் ‘நான், நான்’ என்று. எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது அண்ணா. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இதையெல்லாம் கேட்டபோது ‘ம்’ கொட்டியதோடு சரி, “ரசம் போடட்டுமா” என்று அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து வந்து லைக் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் போன் வந்தது. நம்பர் என்னுடையதைத்தானே கொடுத்திருந்தேன். ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பேசினார். “உங்க சார் எழுதறதெல்லாம் படிச்சுட்டு வரேன். நேர்ல பார்க்கணும்” என்றார். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். சார் வீட்டில் துவரம்பருப்பை முன்வரிசைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். இவரிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று உங்கள் தலையில் போட்டேன், மன்னித்துவிடுங்கள். “மச்சான் பண்ணினாரா?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில் நாங்கள் எழுந்திருக்கும் முன்னே சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். மகள் ஷூவைத் துடைத்துக் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று சீப்பை எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஏதோ ஒரு பாட்டை முனகினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அங்கே நடந்தது பாதி அவர் சொன்னது, பாதி நான் ஊகித்தது. மேசையில் நான் எழுதியதையெல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்களாம். அந்த அம்மா சிரித்த முகமாக, “டிரைவரை உங்க நாற்காலியிலயே படுக்க வெச்சீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க சார்” என்றாராம்.

இவர், “அது உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?” என்றாராம்.

“நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“நான் எழுதலை மேடம். எனக்கு அதெல்லாம் எழுத வராது.”

பக்கத்தில் இருந்தவர், “அப்போ இது நடக்கவே இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். “நடந்துச்சு சார். ஆனா நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. வீட்டுல மட்டும்தான்…” என்று சொல்லும்போதே இவருக்கு விளங்கிவிட்டது. யார் எழுதியது என்று கேட்டதற்கு, தெரியாது என்று சொல்லிவிட்டாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். கணக்கே போலி என்றால் ஆளும் போலி என்றுதானே நினைப்பார்கள்? “நாங்க சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிக் கெட்டார் உங்கள் மாப்பிள்ளை. அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை அண்ணா, என் கொழுப்பால் போனது.

நான் சாயங்காலம் வந்தபோது சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. திட்டுவார் என்று தயாராகத்தான் உள்ளே போனேன். “அதை எனக்குக் காட்டு” என்றார். மகளின் போனில் திறந்து கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். போட்டோவைப் பார்த்து, “இது மச்சான் கைதானே?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அவருக்கும்தான். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, “யாரு இந்த ஆளு? நல்ல மனுஷனா இருக்கானே. இவனையா வேண்டாம்னு அனுப்பிட்டாங்க?” என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னைப் பத்தி இப்படியெல்லாம் நினைச்சிருக்கே. என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?”

“நேரம் எங்கங்க இருந்துச்சு?” என்றேன்.

சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தினமும் பதினைந்து நிமிஷம் ஒதுக்கி இவர் பெருமையை எழுதியவளுக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளிடம் அதைச் சொல்ல நேரமில்லையாம்! அவர் எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, காயை நறுக்க ஆரம்பித்தார். பின்னாலேயே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வெங்காயம் பொடிசா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை என்ன செய்தால் தகும், சொல்லுங்கள்.

ஆகவே அண்ணா, இந்தக் கடிதம் கண்டதும் கணக்கை மூடிவிடுங்கள். அந்தப் பெயரில் இனி யாரும் வாழ்த்தவும் வேண்டாம், வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் யோசனையில் குற்றம் இல்லை, அதைக் கையில் எடுத்தவள்தான் சரியில்லை. இவரிடம் நான் இந்தக் கடிதம் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் வழக்கம்போல வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் மட்டும் பேசுங்கள். அண்ணியை மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் உங்கள் இருவரின் ஆசியும் இந்த வீட்டுக்கு வேண்டும், முக்கியமாக அவருக்கு.

இப்படிக்கு,
வாய் அடங்காத உங்கள் தங்கை

பின்குறிப்பு: மூட வேண்டாம் அண்ணா! தபாலில் சேர்க்கக் கைப்பையில் வைத்திருந்த கடிதத்தை இப்போது மதிய இடைவேளையில் பிரித்து இதை எழுதுகிறேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கணக்கைத் திறந்தால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மகளுக்குப் போன் பண்ணினால், “அப்பா நேத்தே மாமாகிட்ட பேசி மாத்திட்டாரும்மா” என்கிறாள். கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை மூச்சு விட்டீர்களா? நல்ல அண்ணன், நல்ல மாப்பிள்ளை! இங்கே இருக்கிற நர்ஸ் பெண்ணின் கணக்கிலிருந்து போய்ப் பார்த்தேன். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன். எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அந்த இடத்தில் அவராகவே எழுதியிருக்கிறார்: ‘கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்கு வேலை போய்விட்டது. வேலை தேடுகிறேன்.’ அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. சோற்றுக் கையோடு அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கி எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, “ஏம்மா அழறே, உனக்கும் பல்லா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.