பத்து வார்த்தையில் நாற்காலி இல்லை

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்த நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு உன் அண்ணனும் நானும் நலம். உன் நலத்தையும் உன் வீட்டுக்காரர் நலத்தையும் அறிய ஆவலாகத்தான் இருக்கிறேன். ஆனால் எங்கள் நலத்தை நீ என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறாய் என்று முதலில் நீ அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இப்போதெல்லாம் நீ போனில் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாய். உன் அண்ணனும் அப்படித்தான் ஆகிவிட்டார். டிவியில் செய்தி வாசிப்பவர்களும் அப்படித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊர் பேசியதையெல்லாம் கேட்டவள் நான். தெளிவாகப் பேசத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் மிச்சமில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபங்ஷனல் மெடிசின் என்று, நோயின் வேரைத் தேடும் வைத்தியமாம், ஒரு படிப்புப் படித்தாய். சந்தோஷம். படித்ததை உன் வீட்டுக்காரரிடம் பரீட்சித்துப் பார்த்திருக்கலாம். அவரை விட்டுவிட்டு உன் அண்ணனைப் பிடித்தாய். "மறதி நோய் திடீர்னு வராது அண்ணா, பல வருஷம் முன்னாடியே மூளைக்குள்ள வேலையை ஆரம்பிச்சிடும், சாப்பாடு, தூக்கம், நடை, காது எல்லாத்தையும் ஒண்ணா சரி பண்ணணும்" என்று சொன்னாயாம். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "எனக்கு ஞாபகம் குறையுதாம். நீ கூடவே இருந்தாத்தான் இதெல்லாம் என்னால முடியும்" என்றார். அடுப்பில் பால் பொங்கிப் பாத்திரம் கரியாகிப் போனதே, அதற்கு மறுநாள் இது. பாலை வைத்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாபகப்படுத்தாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது யார்?

என் அம்மா விஷயம் உனக்குத் தெரியும். கடைசி நாட்களில் நான் சோறு ஊட்டினால், "நல்லா பாத்துக்கிறியேம்மா, நீ யார் பெத்த பொண்ணு?" என்று கேட்பாள். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. இவரும் ஒருநாள் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டால் என்னால் தாங்க முடியாது. அந்தப் பயத்தில்தான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டியது தப்பு.

முதல்ல சர்க்கரை போச்சு. போனது அவருக்கு மட்டும்னா எனக்கென்ன? "நீ என் முன்னாடி பிஸ்கட் சாப்பிட்டா எனக்கு நாக்கு ஊறும்"னாரு. சரி, அவர் இல்லாதப்ப சாப்பிட்டுக்கலாம்னு தையல் மெஷின் பெட்டியில ஒரு பாக்கெட் ஒளிச்சு வெச்சேன். நெத்தியில மாட்டின கண்ணாடியை வீடு முழுக்கத் தேடற மனுஷன், அந்தப் பிஸ்கட்டை மட்டும் நேராப் போய் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டு வந்துட்டார். இப்ப எங்க வீட்டுல கீரை, மீன், கொட்டை, அப்புறம் மறுபடியும் கீரை. அடுத்தது பல் தேய்க்கிறது. இடது கையால தேய்ச்சா மூளைக்குப் புது வேலையாமே. மீசையெல்லாம் பேஸ்ட், கண்ணாடியெல்லாம் நுரை. "எனக்கு வரலை, நீ செஞ்சு காட்டு"ன்னு நின்னார். காட்டினேன். காட்டிக் காட்டி இப்ப தலைகூட இடது கையாலதான் வாரிக்கிறேன். அவர் பழையபடி வலது கைக்கே போயிட்டார்.

நடைக் கதையைக் கேளு. தினமும் புதுப் பாதையில போகணும்னு நீ சொன்னதா சொன்னார். போறது போகட்டும், திரும்பி வரத் தெரியணுமே. ஒவ்வொரு முக்குலயும் நின்னு, "இப்ப இடமா வலமா? நீயே சொல்லு"ங்கிறார். இந்த நகரத்துல எந்தக் கட்டடத்துல எந்த லிஃப்ட் எந்த மாடியில நிக்கும்னு தூக்கத்துல சொன்ன லிஃப்ட் மெக்கானிக், நம்ம வீடு எந்தப் பக்கம்னு என்னைக் கேட்கிறார். போன வாரம் ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சோம், அது நேரா ஒரு மரச்சாமான் பட்டறைக்குள்ள போய் முடிஞ்சது. முதலாளி எங்களை வாங்க வந்தவங்கன்னு நினைச்சுக்கிட்டு, பாலிஷ் காயாத சோபாவுல உட்கார வெச்சுத் தண்ணி கொடுத்தார். எழுந்திருக்கும்போது என் புடவை பாதி அங்கேயே இருக்கப் பார்த்தது. அதுக்கப்புறம் வழியை நானே மனசுல குறிச்சு வெச்சுக்கிறேன், வேற யாரை நம்புறது.

நாலு பேரோட பழகணும்னு டான்ஸ் கிளாஸ் வேற. இந்த வயசுல. டீச்சருக்கு என் வயசுல பாதிகூட இருக்காது. எல்லாரும் வலப்பக்கம் திரும்பினா இவர் இடப்பக்கம் திரும்பி, பல் டாக்டர் வீட்டம்மா காலை மிதிச்சிட்டார். அதிலேர்ந்து இவர்கூட ஆட யாரும் வரமாட்டேங்கிறாங்க, நான்தான் ஆடியாகணும். இப்ப டீச்சர் என்னை முன் வரிசையில நிறுத்திட்டு, "அம்மா காலைப் பாத்து ஆடுங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்றா. மானம் போகுது. முன் வரிசையில நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம்.

வயித்தெரிச்சல் எதுல தெரியுமா? அந்தப் பத்து வார்த்தைப் பரீட்சையில. காலையில நான் பத்து வார்த்தை சொல்லணும், சாயங்காலம் அவர் திருப்பிச் சொல்லணும். தாளைப் பார்த்துக் கேட்டா பள்ளிக்கூடம் மாதிரி பயமா இருக்காம், அதனால நான் பார்க்காமதான் கேட்கணும். நான் பத்தையும் நெட்டுருப் போட்டுக்கிட்டு வந்து உட்காருவேன். அவர் கூரையைப் பார்த்து யோசிச்சு, "நாற்காலி"ம்பார். நாற்காலின்னு ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. மறுநாளும் நாற்காலி. அதுக்கு மறுநாளும் அதேதான். "கத்தரிக்கோல், மழை, தபால்காரர், கிணறு..."ன்னு நானே பத்தையும் சொல்லி முடிப்பேன். அவர் பரீட்சையில பாஸானவர் மாதிரி சிரிச்சிக்கிட்டுக் கையைத் தட்டுவார். இதுவா முன்னேற்றம்? நீயே சொல்லு.

கடைசியா காது. காது மந்தமானா மூளையும் மந்தமாகும்னு நீ சொல்லப்போக, காது டெஸ்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கண்ணாடி அறைக்குள்ள தனியா உட்காரப் பயமா இருக்கு, முதல்ல நீ உட்கார்ந்து காட்டுன்னார். உட்கார்ந்தேன். டெஸ்ட் பண்ற பொண்ணு, "உங்களுக்கு ரெண்டு காதுமே குறைவா இருக்கும்மா, மெஷின் வெச்சே ஆகணும்"னுட்டா. இவர் காது? எலி நடந்தாக்கூடக் கேட்குமாம். நோயாளி அவர், மெஷின் எனக்கு. இது எந்த ஊர் நியாயம்? அந்த மெஷின் ஸ்பூன் டிராயர்ல கிடக்கு, நான் தொடக்கூட இல்லை.

ஆகவே நான் தீர்மானமாகச் சொல்வது இதுதான். உன் அண்ணனுக்கு உன் வைத்தியத்தால் ஒரு குன்றிமணி அளவும் பலன் இல்லை. இத்தோடு நிறுத்தச் சொல்லி நீயே அவருக்குப் போன் செய். நான் சொன்னால் கேட்கமாட்டார். நிறுத்தாவிட்டால் நான் சர்க்கரை டப்பாவோடு என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். கோபத்தில் எழுதினாலும் உன்மேல் எனக்குக் குறைவில்லாத பிரியம் என்பது உனக்குத் தெரியும். தீர்க்காயுசாக, நல்ல ஞாபகத்தோடு, உன் படிப்பை வேறு யாரிடமாவது காட்டிக்கொண்டு சௌக்கியமாக இரு.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன
உன் அண்ணி.

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து தேடினேன். ஸ்பூன் டிராயரைத் திறந்தால் மெஷின். அது உருப்படாதது என்று நிரூபித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாட்டிக்கொண்டேன். குழாய் சொட்டுவது கேட்டது. அப்புறம், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன் போனில் பேசுவது கேட்டது. யாரிடம் என்று உனக்கே தெரியும். "அவளுக்குத் துளி சந்தேகம் வரலை. எனக்குன்னு சொன்னதாலதான் செய்யறா, அவளுக்குன்னு சொல்லியிருந்தா எக்ஸ்சேஞ்சுல நம்பரெல்லாம் மனப்பாடமா சொன்னவளுக்கா மறதின்னு என்னைத் துரத்தியிருப்பா. நான் நாற்காலி நாற்காலின்னு உளர்றேன், அவ என்னைத் திட்டிக்கிட்டே பத்தையும் சொல்லிடறா. இப்ப வழியும் அவளேதான் கண்டுபிடிக்கிறா. அவங்கம்மா மாதிரி இவ என்னை யாருன்னு கேட்டுடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று சொன்னார். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சினார். அதுவும் கேட்டது.

மேலே எழுதியது எதையும் நீ படித்ததாகவே வைத்துக்கொள்ளாதே. அடுத்த மாதத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. நாளைக் காலை வார்த்தைகளில் நாற்காலியையும் சேர்க்கப் போகிறேன். பாவம், ஒரு நாளாவது சரியாகச் சொல்லட்டும்.