மதிப்பெண்ணுக்காக இறந்த அம்மா

அம்மாவைக் கொன்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வருகிறோம் என்று வகுப்பே கிளம்பி நின்றது.

கொன்றது காகிதத்தில்தான். கொன்றவள் இலக்கியம். ஆங்கில இலக்கியம் படிக்கப் போனதிலிருந்து அக்கம்பக்கத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அப்பா கணக்குப் படிக்கச் சொன்னவர். அவரோடு நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, மகள் ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுத்தவள் அம்மா. மதிப்பெண் குறைந்தால் மறுபேச்சில்லாமல் கணக்குக்கு மாறிவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை.

குறைந்துகொண்டுதான் இருந்தது. எழுத்துப் பாடம் நடத்திய பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. நடந்ததை மட்டும் எழுது, கதை விட்டால் பூஜ்யம் என்பது அவர் சட்டம். இலக்கியத்தின் வாழ்க்கையில் எழுதும்படியாக என்ன நடந்தது? வேளாவேளைக்குச் சாப்பாடு நடந்தது. வேறு வழி தெரியாமல் அம்மாவுக்குக் காய்ச்சலை வரவழைத்து, இரண்டே பக்கத்தில் ஆளை முடித்துவிட்டாள். எழுதும்போது அவளுக்கே அழுகை வந்தது.

சிவப்பு மை அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. வகுப்பில் படித்துக் காட்டும்போது அவர் குரல் உடைந்தது. கேண்டீன்காரர் அன்று அவள் டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களை எப்படித் தடுப்பது?

"இப்ப இல்லப்பா. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. பெரியவங்க சொன்னத வச்சுத்தான் எழுதினேன்," என்று சமாளித்தாள்.

முகம்கூட நினைவில்லாத தாயைப் பற்றியா இப்படி எழுதினாய் என்று சிவப்பு மை இன்னும் உருகிப்போனார். கல்லூரி மலரில் போட வேண்டும், தாயின் படமும் வேண்டும் என்றார். இலக்கியம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். பொறுமையிழந்தவர் அலுவலகத்தில் எண்ணை வாங்கி வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். எடுத்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. உங்கள் பெண் பிரமாதமாக எழுதியிருக்கிறாள், ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு அம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் பெருமை.

"நீங்க...?" என்றார் சிவப்பு மை.

அம்மா வாயைத் திறப்பதற்குள் இலக்கியம் முந்திக்கொண்டாள். "என் சித்தி மேடம். அம்மா போனதுக்கப்புறம் இவங்கதான் என்னை வளர்த்தாங்க."

அம்மாவின் முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்தது. இலக்கியத்துக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தனக்காக வீட்டில் அத்தனை பாடுபட்டவளை, அவள் கண்ணெதிரிலேயே இல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் அம்மா காட்டிக்கொடுக்கவில்லை. சிவப்பு மை அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பற்றிக் கேட்டபோது, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்காவுக்கு இடது கைப்பழக்கமாம். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாளாம். படம் பெட்டியின் அடியில் இருக்கிறதாம், நாளைக்கே கொடுத்தனுப்புகிறாளாம். கண்ணில் தண்ணீர் வேறு. கதை கட்டுவதில் அம்மா தன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் போலிருக்கிறதே என்று இலக்கியம் வியந்தாள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்க இலக்கியம் வார்த்தை தேடினாள். அத்தனை புத்தகம் படித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அம்மாதான், அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நீ எங்கக்கா பெத்த பொண்ணுன்னு உனக்குத் தெரியவே கூடாதுன்னு நானும் உங்கப்பாவும் இத்தனை வருஷம் காப்பாத்திட்டு வந்தோம். யாரும்மா உனக்குச் சொன்னா?"