கிரிக்கெட்டுக்கு விழுந்த ஒரே ஒரு ஓட்டு

உலகத்திலேயே அதிகப் பேருக்குப் பிடித்த விளையாட்டு எது என்று யாராவது பேச்செடுத்தால், நான் பேசாமல் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். கல்யாண வீடு, ரயில் பெட்டி, ஆபீஸ் கேண்டீன் எதுவாக இருந்தாலும் சரி. எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. அந்தக் கருத்தை மைக் பிடித்து ஊர் முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு பிறவிக்கு அது போதும்.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் மேற்கே. (டச்சுக் கோட்டையைப் பார்க்க வந்து வழி தவறுகிறவர்கள்தான் எங்கள் ஊருக்கு வருகிற வெளியாட்கள்.) ஊருக்கு ஒரே ஒரு திடல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அதற்கு உரிமை கொண்டாட இரண்டு கட்சி. ஒன்று, கிரிக்கெட் ஆடுகிற நாங்கள். இன்னொன்று, பெண்கள் கபடி டீம். அந்த டீமின் கேப்டன் செல்வி, என் சொந்த அக்கா. என்னைவிட ஒன்றரை வயது பெரியவள். உயரத்தில் என்னைவிட இரண்டு விரற்கடை கூட. தொடையைத் தட்டினால் அடுத்த தெரு வரை கேட்கும்.

கிரிக்கெட்டுக்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டும். கபடிக்கு மண் இளகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் காலையில் நாங்கள் தார் டிரம்மில் சிமெண்ட் ஊற்றிச் செய்த ரோலரை உருட்டு உருட்டென்று உருட்டுவோம். சாயங்காலம் அவர்கள் மண்வெட்டியோடு வந்து கொத்து கொத்தென்று கொத்துவார்கள். மறுநாள் காலை மறுபடியும் ரோலர். அந்த வருடம் எங்கள் ஊரில் அதிகம் உழப்பட்ட நிலம் அதுதான். (விதை போட்டிருந்தால் வேர்க்கடலையாவது எடுத்திருக்கலாம்.)

அக்காவுக்கு அந்தத் திடல் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் செங்கல்பட்டில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் தேறினால்தான் விளையாட்டு ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று இருந்தாள். எனக்கு என்ன இருந்தது? பக்கத்து ஊர் டீமிடம் தொடர்ந்து ஏழு மேட்ச் தோற்றிருந்தோம். எட்டாவதையாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது.

எங்கள் புகார்களைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன பஞ்சாயத்துத் தலைவர் ஒருநாள் இரண்டு கட்சியையும் கூப்பிட்டார்.

"தெனம் உங்களோட பேஜாரா கீது. காணும் பொங்கலுக்கு ஒரு பட்டிமன்றம் வெக்கிறேன். ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஆட்டம் கிரிக்கெட்டா, கபடியா? ரெண்டு பேரும் வந்து பேசுங்க. கடைசில சனத்தைக் கையத் தூக்கச் சொல்லுவேன். எந்தப் பக்கம் கை ஜாஸ்தியோ அவங்களுக்குத் திடலு, ஒரு வருசத்துக்கு. இன்னா சொல்றீங்க?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் செங்கல்பட்டுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுப்போட்டியில் ஜெயித்த சோப்பு டப்பாக்களை அடுக்கினால் ஒரு சின்ன மளிகைக்கடை வைக்கலாம். அக்காவோ மேடையில் ஏறினால் பெயரைக் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறவள். போதாததற்கு, தேசமே கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் அது. இதில் போட்டி எங்கே இருக்கிறது? அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"தலைவரே, ஒரு சின்ன விதி சேர்த்துக்குங்க. ஏதாவது ஒரு பக்கத்துக்கு ஒரு கைகூட எழும்பலைன்னா அந்தத் தீர்ப்பு செல்லாது. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடியும் நடத்தணும்."

"அது எதுக்குடா?"

"பாவம் தலைவரே. கபடிக்கு முட்டை விழுந்துச்சுன்னா இன்னொரு சான்ஸ் குடுக்கலாமேன்னுதான்."

எங்கள் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எழுதி வெச்சுக்குங்க தலைவரே. அவன் கையெழுத்தையும் வாங்கிக்கங்க" என்றாள். நானும் பெருந்தன்மையோடு, பெரிய சுழி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

தலைவருக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. காணும் பொங்கலன்று பாதி ஊர் மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிடும். அப்புறம் யார் உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்பது? அதற்கும் நானே வழி சொன்னேன். அன்றைக்கு இந்தியா ஆடுகிற ஒருநாள் மேட்ச் இருந்தது. எங்கள் வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையிலேயே வைத்துவிட்டால்? கூட்டத்துக்குக் கூட்டமும் ஆச்சு, கிரிக்கெட் தரப்புக்குச் சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு. என் மூளையை நினைத்து எனக்கே அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

வந்தது பாருங்கள் கூட்டம்! மத்தியானம் மூன்று மணிக்குத் திடலில் முந்நூறு பேர். பக்கத்துக் குப்பங்களிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கினார்கள். எங்களை ஏழு முறை தோற்கடித்த டீம்கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. இடது பக்கம் கபடிப் பெண்களும், கோலப்போட்டிப் பரிசுக்காகக் காத்திருந்த அம்மாக்களும். (பட்டிமன்றம் முடிந்த பிறகுதான் பரிசு என்று தலைவர் சொல்லியிருந்தார். தந்திரத்தில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.) பள்ளிக்கூடத்து மாடியில் மூங்கில் கழி கட்டி, அதன் உச்சியில் ஆன்டெனா. அதைப் பிடித்துக்கொள்ள எங்கள் விக்கெட் கீப்பர் ஏழுமலை.

முதலில் அக்கா பேசினாள். இரண்டே நிமிடம்.

"கிரிக்கெட்டுக்கு பேட் வேணும், பந்து வேணும், ஸ்டம்ப் வேணும், காலுக்குப் பேடு வேணும். பந்து முள்ளுக்குள்ள போயிட்டா ஆட்டமே நின்னுடும். கபடிக்கு மூச்சு இருந்தா போதும். அது இங்க எல்லார்கிட்டயும் இருக்குது. அவ்ளோதான். நன்றி."

அம்மாக்கள் பக்கம் நல்ல கைத்தட்டல். நான் பரிதாபமாகச் சிரித்துக்கொண்டே எழுந்தேன். "பெரியோர்களே! தாய்மார்களே!" என்றேன். முந்நூறு பேரும் "ஓ!" என்று கத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த வாக்கியத்துக்கு விசில் பறந்தது. அதற்கடுத்த வாக்கியத்துக்கு ஒருவர் துண்டைச் சுழற்றி மேலே வீசினார். என் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே பயமாக இருந்தது. ஐந்தாறு வாக்கியம் கழித்துத்தான் எனக்குப் பின்னால் இருந்த டிவியில் அடுத்தடுத்து பவுண்டரி போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு உருக்கமான வரியில் கூட்டமே "ச்சே!" என்றது. அது விக்கெட்.

கடைசி மூன்று ஓவர். இருபத்திரண்டு ரன் வேண்டும். அப்போது பார்த்துக் கடல்காற்று கிளம்பியது. ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்றியது. திரை முழுக்கப் புள்ளி, இரைச்சல்.

"ஏழுமல, இன்னாடா ஆச்சு?" என்று நான் மைக்கிலேயே கத்தினேன்.

"காத்துடா! இப்ப வருதா?"

"வரல!"

"இப்ப?"

"ஆளு தெரியுது, பந்து தெரியல!"

"அட, இந்தப் பக்கம் திருப்பு மச்சான்!" என்று முந்நூறு பேரும் முந்நூறு திசையைக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, சைக்கிளில் போன ஒரு புண்ணியவான் குரல் கொடுத்தான்: "மெயின் ரோட்டு டீக்கடைல கண்ணாடி மாதிரித் தெரியுதுபா!"

அவ்வளவுதான். கூட்டம் எழுந்தது. டிராக்டர் புறப்பட்டது. நாற்காலிகள் மல்லாந்தன. ஏழுமலை ஆன்டெனாவை அப்படியே போட்டுவிட்டு மாடியிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டு சறுக்கினான். என் முன்னால் வெற்று மண். நான், "ஆகவே, மக்கள் மனதில் நிலைத்து நிற்பது..." என்று தொடங்கினேன்.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

எப்படிச் சொல்வது? நானும் ஓடினேன். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே மேடையிலிருந்து குதித்தேன். பத்தடி போனதும் ஒயர் தீர்ந்து சுண்டி இழுத்தது. குப்புற விழுந்தேன். மைக்செட்காரர், "அடப்பாவி, மைக்க வெச்சிட்டு ஓடு!" என்று அலறினார். வைத்துவிட்டு ஓடினேன். கடைசிப் பந்துக்கு முந்தின பந்தில் இந்தியா ஜெயித்தது. டீக்கடையில் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன், அந்த ஏழு மேட்ச் டீமின் கேப்டன் உட்பட. பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆடிப் பாடி, ஊர்வலமாகத் திடலுக்குத் திரும்பினோம்.

அங்கே எங்கள் பிட்ச் மேல் நாலு மண்வெட்டி விழுந்துகொண்டிருந்தது.

"தலைவரே, என்ன இது?"

"தீர்ப்பு சொல்லியாச்சுபா. நீ பாட்டுக்கு பாதில எழுந்து ஓடிட்ட. கோலப்போட்டி அம்மாங்கல்லாம் வூட்டுக்குப் போணும்னு நச்சரிச்சிகினு கீறாங்க. நா எவ்ளோ நேரம் குந்தினு இருக்கிறது? கையத் தூக்கச் சொன்னேன். கபடிக்கு நாப்பத்தாறு. கிரிக்கெட்டுக்கு ஒண்ணு."

நாற்பத்தாறில் ஒரு கை எங்கள் அம்மாவுடையது. (பிற்பாடு நியாயம் கேட்டேன். "நீதான் அங்க இல்லியே, யாருக்குத் தூக்குறது?" என்றாள்.) அப்படியானால் அந்த ஒன்று யார்?

தலைவர் மோவாயால் காட்டினார். அக்கா மண்வெட்டியோடு நின்றிருந்தாள். "மொதல்ல உன் பக்கம் ஒரு கையும் எழும்பல. பட்டுனு உங்க அக்காதான் தூக்கிச்சு" என்றார்.

நான் அப்படியே உருகிப்போனேன். எதிர்க்கட்சிப் பேச்சாளர்! ஊரே கைவிட்ட தம்பிக்காக, தன் டீம் பார்க்கத் தனியாக ஒரு கை! அன்று முதல் நான் அவளுக்கு அடிமை ஆனேன். என் பங்குக் கரும்பைக் கொடுத்தேன். திடலில் மண் கொத்தினேன். காலையில் உருட்டின ரோலரை விட்டுவிட்டு, சாயங்காலம் சாணிக்கரைசல் தெளித்தேன். எங்கள் டீமில் என்னைத் துரோகி என்றார்கள். "அக்காப் பாசம் உங்களுக்கு எங்கடா புரியும்?" என்றேன்.

செங்கல்பட்டுத் தேர்வுக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா தேறிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கும்மாளம். அவள் டீமில் இருந்த கஸ்தூரி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்கு மட்டும் செல்வி டெக்னிக் பண்ணலன்னா போச்சு, இல்லடா?"

"என்ன டெக்னிக்?"

"கபடில எதிர் டீமு மொத்தமும் அவுட்டாச்சுன்னா நமக்கு ரெண்டு பாயிண்டு கூட வரும். ஆனா அவுட்டான அத்தினி பேரும் உயிர் வந்து உள்ள எறங்கிடுவான். அதனால சில நேரம் ஒருத்தன மட்டும் விட்டு வெப்போம். உனக்கு முட்டை விழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? அடுத்த ஞாயித்துக்கெழம முந்நூறு பேரும் வந்து குந்தியிருப்பான். நீதானே ரூல் எழுதின?"

பெரிய சுழி போட்ட என் கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. அக்காவைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அக்கறையாக ஒருவர் மரம் எண்ணி நான் பார்த்ததில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கூடுவாஞ்சேரியில் வீடு. நான் ஊரப்பாக்கத்தில், ஒரு ஸ்டேஷன் தள்ளி. எங்கள் குடும்பத்தில் இன்று வரை யாரும் யாருக்கும் நிம்மதியாக ஒரு உதவி செய்துவிட முடியாது. அத்தான் அக்காவுக்குப் பூ வாங்கி வந்தால், என் மனைவி எனக்கு இன்னொரு தோசை போட்டால், உடனே பிள்ளைகள் கோரஸாகக் கேட்கும்: "இது பாசமா, டெக்னிக்கா?"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அவள் வீட்டில் இருந்தோம். சாப்பிடும்போது அவள் சின்ன மகள் அந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தீர்ப்புக் கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக நானும் நேராகவே கேட்டேன்.

"உண்மையச் சொல்லுக்கா. அன்னிக்கு எதுக்கு எனக்குக் கை தூக்கின?"

அக்கா மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஓடாம நின்னிருந்தா உன் கை ஒண்ணாவது எழும்பியிருக்கும் இல்ல? அது என் கை இல்லடா. நீ வுட்டுட்டுப் போன கை. நான் தூக்கிப் புடிச்சேன், அவ்ளோதான்."

நான் மறுபடியும் உருகிப்போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். என் தட்டில் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்த வஞ்சிர வறுவல் துண்டைக் காணோம்.