அப்பாவின் புது பூட்ஸுக்குள் என் கால்

அன்பும் மரியாதையும் நிறைந்த சென்ஸி அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் புர்கி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் இரண்டு நாய்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் பக்கத்து மலையில் பனி இன்னும் கீழே இறங்கியிருக்காது என்றும் நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம், பதினோரு மாடுகளும் சௌக்கியம், அப்பா நாளை சாயங்காலம் வரை சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. போர்வைக்குள் அப்பாவின் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து இப்படி இருப்பதற்கு மன்னிக்கவும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லார் போனும் சமையலறை இழுப்பறைக்குள் போய்விடும், அதன் சாவி அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கும். காலையில் பால் லாரிக்காரர் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

விஷயம் இதுதான் அத்தை. சனிக்கிழமை முதல் தடவையாக என்னையும் மலையாட்டு வேட்டைக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். துப்பாக்கியைத் தொடக்கூடாது, தும்மக்கூடாது, தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மலையில ரெண்டே சட்டம் புர்கி. சொன்னதைச் செய்யணும். சொல்லாததைச் செய்யக்கூடாது." நான் சொல்லாததைச் செய்துவிட்டேன். அதுவும் அவருடைய புது பூட்ஸுக்கே செய்துவிட்டேன்.

அந்த பூட்ஸை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று உங்களுக்கு முழுக்கத் தெரியாது. போன அக்டோபரில் பாறை நடுவில் அவருடைய பழைய பூட்ஸின் சோல் தனியாகக் கழன்று வந்ததும், நாயின் கயிற்றை அவிழ்த்து அதைக் கட்டியதும், அவிழ்த்துவிட்ட நாய் ஆட்டைத் துரத்திக்கொண்டு அடுத்த ஊர்க்காரர்களின் வேட்டை எல்லைக்குள் போய்விட்டதும் உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அதற்கப்புறம் அப்பா சபதம் எடுத்துவிட்டார், இனி வாங்கினால் சாகும்வரை தாங்குகிற பூட்ஸ்தான் என்று. பத்து மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை அத்தை. சூப்பில் பாலாடைக்கட்டி உருண்டை ஆறிக்கொண்டிருக்கும், அப்பா கரண்டியைக் கணுக்காலாகவும் ரொட்டியைப் பாறையாகவும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். சோல் ஒட்டியதாக இருக்கக்கூடாது, தைத்ததாக இருக்க வேண்டும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே தண்ணீர் புகாத ஜவ்வு வைத்தது வேண்டாம், முழுத் தோல்தான் வேண்டும். கற்கள் கிழிக்காமல் சுற்றிலும் ரப்பர் விளிம்பு வேண்டும். சர்ச்சிலிருந்து வெளியே வருகிற ஆட்களை நிறுத்தி அவர்கள் காலைப் பார்த்து வருத்தப்படுவார். தீயணைப்புப் படை விருந்தில் மேடையேறி இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார், யாரும் கேட்காமலே.

பூட்ஸ் விற்கிற காஸ்பர் கடைக்கு மூன்று தடவை போனோம். கால் வீங்கியிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும் என்று மூன்று தடவையும் சாயங்காலமே போனோம். மாடுகள் நக்குகிற உப்புக்கட்டியை ஒரு பை நிறைய முதுகில் சுமந்துகொண்டு, கடையில் இருக்கும் சாய்வுக் கல்மேடையில் ஏறினார், இறங்கினார், ஏறினார். சோலை முழங்காலில் வைத்து வளைத்தார். தோலை மோந்து பார்த்தார். காஸ்பர் கடையைப் பூட்டுகிற நேரம் தாண்டிவிட்டது.

"ஏம்பா ரூப்பெர்ட், இந்த பூட்ஸக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"கல்யாணத்துக்கு நான் ஒரு சாயங்காலந்தான் யோசிச்சேன். இது பாறையில நிக்கப்போற சமாச்சாரம்."

அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சரி, கால் எப்படி இருக்கு உள்ள?" என்றார் காஸ்பர்.

"சோல் பிரமாதம்."

"சோலக் கேக்கலப்பா, கால."

"ரெட்டைத் தையல், பாத்தியா? ரெட்டை!"

அப்படித்தான் வாங்கினோம். நாற்பத்திரண்டாம் அளவு. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கத்து பெஞ்சில் வைத்தார், அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் தோல் வெடித்துவிடும் என்று பூனைக்குக்கூடச் சொன்னார். அதற்கு மெழுகு தேய்க்கிற வேலை எனக்கு. ஆனால் வாரம் போகிறது, அப்பா அதைப் போட்டு நடக்கவே இல்லை. கேட்டால், "தோல் வீட்டுக் காத்துக்குப் பழகணும்" என்பார். நான்கு வாரமாக அது காற்று வாங்குகிறது, பலகை மாதிரி விறைப்பாகவே இருக்கிறது. பழகாத பூட்ஸோடு மலையேறினால் என்ன ஆகும் என்று நம் பள்ளத்தாக்கில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். முதல் ஏற்றத்திலேயே குதிகால் உரிந்துவிடும், இரண்டாவது ஏற்றத்தில் திரும்பி வர வேண்டும், அப்படி என்றால் என் வேட்டையும் போச்சு. பாவம், அவருக்கு நேரமில்லை, நாமே பழக்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் காலும் நாற்பத்திரண்டுதான். பதிமூன்று வயதில் நாற்பத்திரண்டு, அம்மா இதை விருந்தாளிகள் முன்னால் பேசுவதில்லை.

நேற்று பள்ளிக்கூடத்தில் மலை நடை நாள். மெழுகு தேய்ப்பதாகச் சொல்லி பூட்ஸை எடுத்துக்கொண்டு போனேன். வேட்டைக்காரர்கள் செய்கிற மாதிரியே செய்தேன் அத்தை, நீங்களே உங்கள் பூட்ஸை அப்படித்தான் பழக்கினீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். கனத்த கம்பளிக் காலுறை போட்டு, சர்ச்சுக்குப் பின்னால் மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள் இறங்கி, தோல் நன்றாக ஊறும்வரை நின்றேன். அப்படியே காயக்காய நடக்க வேண்டும், அவ்வளவுதானே. அந்த நேரம் பார்த்து ஸ்டாங்கல் டீச்சர் வந்துவிட்டார். அவர் வியன்னாக்காரர், பட்டணத்து ஆள்.

"புர்கி, தொட்டிக்குள்ள நின்னு என்னடி பண்றே?"

"பூட்ஸ நனைக்கிறேன் டீச்சர்."

"ஊர்ல உள்ளவங்க நனையாம இருக்கத்தானேடி பூட்ஸ் போடறாங்க!"

ஆறு மணி நேரம் நடந்தேன். முதல் இரண்டு மணி நேரம் சளக் சளக் என்று சத்தம், ஒரு கன்றுக்குட்டி அதைக் கேட்டுக்கொண்டே மலைமேல் மேய்ச்சல் குடிசை வரை பின்னால் வந்தது, டீச்சர் அதைத் திருப்பி அனுப்ப அவருடைய ஆப்பிளையெல்லாம் கொடுத்தார். பிறகு மெல்ல மெல்லக் காய்ந்தது. சாயங்காலம் இறங்கும்போது அத்தை, எனக்குக் கால் இருக்கிறதே மறந்துபோச்சு, அவ்வளவு சுகம்! அப்பா தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஊறின தோல் யார் காலில் காய்கிறதோ அந்தக் காலாகவே ஆகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுண்டுவிரல் பக்கம் என்னுடைய புடைப்பு, அப்படியே அச்சு எடுத்த மாதிரி. குதிகாலில் என்னுடைய குழி. அப்பாவுடைய கால் பாலம் மாதிரி வளைந்தது, என்னுடையது அப்பளம் மாதிரி தட்டை. அவர் இதைப் போட்டால் என் காலுக்குள் காலை விடுகிற மாதிரிதான் இருக்கும்.

வடிவம் மாறட்டும் என்று உருளைக்கிழங்கு திணித்து வைத்தேன். மாறவில்லை, உருளைக்கிழங்குதான் மெழுகு வாசனை அடித்தது. இன்றைக்கு துண்டைச் சுற்றி, கறியை மெலிசாகத் தட்டுகிற சுத்தியால் உள்பக்கம் தட்டினேன்.

"மாடியில என்னடி சத்தம்?" என்று அம்மா கத்தினார்.

"கறி தட்டறேம்மா!"

"இன்னிக்குப் பால் கஞ்சிதானேடி?"

"நாளைக்கு வேணும்ல!"

அதனால் நாளைக்கு எங்கள் வீட்டில் கறி செய்தாக வேண்டும், வீட்டில் கறியே இல்லை. போதாததற்கு ராத்திரி சாப்பாட்டில் அப்பா, "நாளைக்கு சாயங்காலம் பூட்ஸ மாட்டிப் பாக்கணும்" என்றார். எனக்குக் கஞ்சி புரையேறிவிட்டது.

அத்தை, உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். நாளை சாயங்காலத்துக்குள் உங்களிடம் இருக்கும் அந்த பூட்ஸ் விரிக்கிற மரக்கட்டையை எடுத்துக்கொண்டு எப்படியாவது வந்துவிடுங்கள். அது சரிப்படாவிட்டால், போன தடவை வந்தபோது நீங்கள்தான் போட்டு நடந்து பார்த்ததாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் இதே சுண்டுவிரல் புடைப்பு இருப்பதால் நம்பிவிடுவார், உலகத்தில் அவர் பயப்படுவதும் உங்களுக்கு மட்டும்தான்.

உங்கள் தோட்டா குறி தவறாமல் இருக்கவும், நாய்களுக்கு உண்ணி ஏறாமல் இருக்கவும் தினமும் பிரார்த்திக்கும்,

உங்கள் அன்பு மருமகள்,
புர்கி

பின்குறிப்பு: இப்போது காலை ஐந்தரை. பால் லாரி இன்னும் வரவில்லை. கடிதத்தோடு பால் அறைக்குப் போனால், அங்கே அப்பா உட்கார்ந்திருக்கிறார், இரண்டு காலும் வெந்நீர் வாளிக்குள், இரண்டு பெருவிரல் நகமும் கருநீலம்! அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவே இல்லை. "இப்ப அது என் காலுக்குச் சேரவே சேராதா? நிச்சயமா?" என்று மூன்று தடவை கேட்டார். விஷயம் என்னவென்றால், யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை அதைப் போட்டு நடந்திருக்கிறார், இரண்டு தடவையும் விரலைக் கடித்திருக்கிறது. "பத்து மாசம் ஊருக்கே பாடம் நடத்திட்டு, அளவு பத்தலைன்னு எந்த வாயால சொல்வேன் புர்கி?" குப்பையில் போட்டதாக அம்மாவிடம் சொன்ன பழைய பூட்ஸ் டிராக்டர் சீட்டுக்கடியில், புது சோலோடு இருக்கிறது. இப்போது அதை வெளியே எடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, நான்தான் அந்தக் காரணம். புது பூட்ஸ் எனக்கு, சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமாம். அதனால் மரக்கட்டை வேண்டாம் அத்தை, பொய்யும் வேண்டாம், முடிந்தால் கொஞ்சம் கறி மட்டும் கொடுத்தனுப்புங்கள். அப்பா பயங்கரமாகக் கத்தினார் என்று அம்மா உங்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுவது போல் காட்டிக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு அம்மா முன்னால் அவர் கத்தப்போகிறார், நான் தேம்பித் தேம்பி அழ வேண்டும் என்பது ஏற்பாடு. பூட்ஸை மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாக அழுது பழகிப் பார்க்கிறேன், கால் இவ்வளவு சுகமாக இருக்கும்போது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரமாட்டேங்குது.