ஆட்டிடமும் சம்மதம் கேட்ட மூணுதரம்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு ஐந்தாவது. வேலை காசிமேட்டில் ஐஸ் உடைப்பது. விரல் மரத்துப்போய், எழுத்தெல்லாம் நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கும். பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் மூணுதரத்தைக் கேட்காமல் எந்த வயிற்றிலும் கத்தி பட்டதில்லை. அவர் மீன் ஏலம் விடுகிறவர். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவிக் கூவியே அந்தப் பெயர் வந்தது. ஒரு தடவை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அதுவும் நல்ல பல். அன்றிலிருந்து தெருவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவரும் கூடவே கிளம்பிவிடுவார்.

"இன்னா வியாதி, இன்னா வைத்தியம், செய்யலன்னா இன்னா ஆவும், எல்லாம் சொல்லணும். புரியலன்னா மறுபடி சொல்லணும். இன்னொரு டாக்டராண்ட கேக்கணும்னா ரிப்போர்ட்ட குடுக்கணும். இது உன் உரிமை நைனா, யாரும் தர்மம் பண்ணல!"

டாக்டர் எல்லாம் சொன்ன பிறகு, நோயாளியிடம் ஏலக் குரலில் சம்மதம் கேட்பார். மூன்று தரம் முடிவதற்குள் தலை ஆடினால்தான் கையெழுத்து. ஒரு முறை வார்டில் "ஒரு தரம்!" என்றதும், எதிர்க் கட்டிலில் மயக்கம் தெளியாமல் கிடந்த மீன்காரம்மா, "வஞ்சிரமா? இன்னும் நூறு ஏத்திக்க!" என்றார். புளியந்தோப்பு பாயின் ஆட்டை ஊசி போடக் கொண்டுபோனபோது, ஆட்டிடமும் மூன்று தரம் கேட்டார். பதில் இல்லை. "ஒத்துக்கல பாய்" என்று ஊசி போடாமலே ஓட்டி வந்துவிட்டார். பாய் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. ஆடு மட்டும் அவர் பின்னாலேயே சுற்றியது.

எனக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். நான் கூச்சக்காரன். பஸ்ஸில் விசில் கொடுக்கச் சொல்லக் கூசி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுத் திருவொற்றியூர் தேரடி வரை போய், திரும்பி நடந்து வந்தவன்.

என் மனைவி அமுலுவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்றார்கள். புருஷன் கையெழுத்துப் போடணும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று முதல் முறையாகக் கிடைத்திருக்கிறது! ஐஸ் பாளத்தின் மேல் ஆணியால் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகினேன்.

நர்சம்மா தாளை என்னிடம் நீட்டினார். பேனாவைத் திறந்தேன். குறுக்கே ஒரு கை வந்தது. மூணுதரம்!

"இன்னா மாமு, வயித்துவலி உனுக்கா? அவ உடம்பு அது. தெளிவா குந்திகினு கீறா. அவதான் போடணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே, "அவர் சொல்றதுதான் சரி" என்றார். பேனாவை மூடினேன்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"இரு அண்ணாத்தே" என்றாள் அமுலு. "டாக்டர், நான் திரும்ப மீன் கூடை தூக்கலாமா?"

கொஞ்ச நாள் கழித்துத் தூக்கலாம் என்றார் டாக்டர். அவளே கையெழுத்துப் போட்டாள். குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே பாட்டு: "அண்ணாத்த மாரி நாலு வார்த்த கேக்க உனுக்கு வாயி கீதாய்யா?" அதிலிருந்து மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு. வால் எனக்கு.

இந்த வருஷம் மூணுதரத்துக்குத் தொண்டையில் கட்டி. ஊருக்கெல்லாம் துணை போன மனுஷன், தன் துணைக்கு அமுலுவைக் கூப்பிட்டார். என்னை இல்லை. வயிறெரிய நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன்.

"கட்டிய எடுத்துடணும். குரல் மாறலாம்" என்றார் டாக்டர்.

மூணுதரம் வாயே திறக்கவில்லை. ஏலக்காரனுக்குக் குரல்தானே படகும் வலையும். அமுலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டர் மணிப் பக்கம் கையை நீட்டினார்.

"அவருக்குப் பேச்சு வருமா?"

கேட்டது நான்தான். முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை. ரெண்டாம் தரம் அமுலு திரும்பிப் பார்த்தாள். மூணாம் தரம் நான் போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் மணியை விட்டுவிட்டார். தொண்டையைப் படம் வரைந்து காட்டினார். பேச்சு வரும், ஆனால் கத்த முடியாது. கட்டியை விட்டுவைத்தால் மூச்சுக்கே ஆபத்து. பிறகு நான் மூணுதரத்தின் பக்கத்தில் போய், அவர் மாதிரியே எண்ணினேன். மூன்றாவதற்குத்தான் தலை ஆடியது. கையெழுத்தை அவரே போட்டார்.

ஆபரேஷன் முடிந்து அவர் முதலில் பேசியது என்னிடம்தான். காற்று மாதிரி ஒரு குரல். "ரெண்டாந்தரமே சத்தமா கேட்டுருக்கலாம்ல, மாமு?"

இப்போது ஏலம் விடுவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நடுத்துண்டு இன்னும் அவருக்குத்தான். அவர் பேசுவது கேட்கவில்லை என்று, அமுலு ஃபேனைக் கூட நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். வேர்க்க வேர்க்க நான் வாலைத் தின்கிறேன். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. இந்தப் பொறாமை எனக்கு இன்னும் ரொம்ப வருஷம் இருக்க வேண்டும்.

எழுதி முடித்த நாள்: ஞாயிற்றுக்கிழமை. அவர் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் போகிறார்.